பழகிய கைகளும் புதிய சிறகுகளும்

உழவுக்கெனச் சந்தையில் வாங்கி வந்த இளங்காளையை எந்த உழவரும் முதல் நாளே தனித்து ஏரில் பூட்டிவிடுவதில்லை. நுகத்தின் ஒரு பக்கம் பழகிய மாடு. மறுபக்கம் புதிய மாடு. புதிய காளை வலிமையில் குறைந்தது என்பதனால் அன்று. பெரும்பாலும் அதுவே வலிமை மிக்கது. ஆனால் நுகம் வலிமையை மட்டும் கேட்பதில்லை, இசைவையும் கேட்கிறது. உழுபவரின் குரலை மாடும், மாட்டின் போக்கை உழுபவரும் அறிந்துகொள்ளச் சில நாள்கள் வேண்டும். அந்த நாள்களை மிச்சப்படுத்த நினைப்பவரின் சால் கோணலாகும் என்பதைக் கிராமத்துச் சிறுவனும் அறிவான்.

இந்த எளிய அறிவு மனிதன் வானில் பறக்கத் தொடங்கிய பிறகு என்ன ஆயிற்று என்று எண்ணிப் பார்க்க, நம் நாட்டு விமான நிறுவனம் ஒன்றின் வரலாறு நமக்கு உதவுகிறது. ஒரு நிறுவனம் தன் பழைய விமானங்களுக்கு ஓய்வு கொடுத்து, வேறொரு தொழிற்சாலையின் விமானங்களை வாங்குவது நாளிதழ்களில் வணிகச் செய்தியாக வெளிவரும். எத்தனை விமானம், என்ன விலை, எவ்வளவு எரிபொருள் மிச்சம் என்பவை அச்செய்தியில் இருக்கும். அதில் இடம்பெறாத வேறொன்று உண்டு. விமானத்தைச் செய்தவர் மாறும்போது, உதிரிப் பொருள்களின் கிடங்கு மாறுகிறது. பழுது பார்ப்பவரின் கருவிகளும் உரிமமும் மாறுகின்றன. விளக்கநூல்களின் சொற்கள் மாறுகின்றன. எல்லாவற்றிற்கும் மேலாக, விமானியின் கை பல ஆண்டுகளாகக் கற்றுக்கொண்ட பழக்கம் மாற வேண்டியிருக்கிறது. இயந்திரத்தை ஒரு கையெழுத்தில் மாற்றிவிடலாம். கையின் பழக்கத்தை அவ்வாறு மாற்ற இயலுமா? இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் கதை இக்கேள்வியைத்தான் நம்முன் வைக்கிறது.

டகோட்டாக்களின் காலம்

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா சிறியதொரு பஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சல் பைகளைக் கொண்டுவந்தார். அங்கிருந்து அவற்றைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தவர் அவருடைய தோழர் நெவில் வின்சென்ட். நம் நாட்டு விமான நிறுவன வரலாற்றின் முதல் தடம் இவ்வாறு சென்னையில் வந்து முடிந்தது என்பது நாம் மகிழ்ந்து நினைவுகூரத்தக்கது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, போர்ப்படைக்கு இனித் தேவைப்படாத டகோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. அவற்றை வாங்கிப் பல நிறுவனங்கள் தோன்றின. வருவாய் போதாமல் தள்ளாடின. 1953இல் நாடாளுமன்றம் விமானக் கழகங்கள் சட்டத்தை இயற்றியது. எட்டு நிறுவனங்கள் ஒன்றிணைக்கப்பட்டு, உள்நாட்டுச் சேவைக்கென இந்தியன் ஏர்லைன்ஸ் கழகம் அவ்வாண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் பணி தொடங்கியது. அதற்குக் கிடைத்த 99 விமானங்களில் 74 டகோட்டாக்கள்.

1949இல் தொடங்கிய இரவு அஞ்சல் சேவையை இங்குக் குறிப்பிட வேண்டும். தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்பட்ட விமானங்கள் நடு இரவில் நாகபுரியில் சந்தித்துக்கொள்ளும். அஞ்சல் பைகளையும் பயணிகளையும் மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். இன்றைய வழிகாட்டும் கருவிகள் பல அன்று இல்லை. அச்சேவையைத் தாங்கியதில் இயந்திரத்தின் திறமையை விட, அந்த இயந்திரத்தைத் தம் உடலின் ஓர் உறுப்பைப்போல் அறிந்திருந்த மனிதரின் திறமையே பெரிது எனலாம்.

டகோட்டாவின் இடத்தை மெல்ல மெல்ல வேறு விமானங்கள் பிடித்தன. 1957இல் பிரிட்டனின் வைக்கர்ஸ் வைக்கவுன்ட் வந்தது. 1961இல் ஆலந்து நாட்டின் ஃபாக்கர் பிரண்ட்ஷிப் வந்தது. கான்பூரில் நம்மவரே பிரிட்டிஷ் உரிமத்தின்கீழ்க் கட்டிய ஆவ்ரோவும் சேர்ந்தது. 1964இல் பிரான்சின் கேரவெல் முதல் ஜெட் விமானமாகச் சேவையில் இறங்கியது. 1970-71இல் அமெரிக்காவின் போயிங் 737 வந்தது. ஒரே கூரையின்கீழ் பல மொழி பேசும் மருமகள்கள் வாழ்ந்த கூட்டுக் குடும்பத்தைப் போல் இருந்தது அந்த நிறுவனம். ஒவ்வொரு விமானத்துக்கும் தனி உதிரிப் பொருள்கள், தனிப் பயிற்சி, தனி உரிமம். இச்சிக்கலைக் குறைக்கவே எந்த விமான நிறுவனமும் ஒரு தொழிற்சாலையோடு நெருங்கிய உறவு கொள்ள விரும்புகிறது. அந்த உறவு ஒருமுறை வேர்விட்டபின் அதனை அறுப்பது எளிதன்று.

துலூசிலிருந்து வந்த முதல் ஜெட்

கேரவெல் விமானம் தென் பிரான்சின் துலூஸ் நகரில் சூட் ஏவியேஷன் என்னும் தொழிற்சாலையில் உருவானது. எஞ்சின்களை இறக்கையில் தொங்கவிடாமல் வாலுக்கு அருகே இருபுறமும் பொருத்திய அதன் அழகு அக்காலத்தில் உலகெங்கும் பேசப்பட்டது. ஆயினும் போயிங் 737 வந்த பிறகு கேரவெல்லின் நாள்கள் எண்ணப்பட்டன.

1976 அக்டோபர் 12 அன்று பம்பாயிலிருந்து சென்னைக்குப் புறப்பட வேண்டிய விமானத்துக்குப் போயிங் ஒன்று குறிக்கப்பட்டிருந்தது. அதில் பழுது காணப்பட்டதால் கேரவெல் ஒன்று மாற்றாகக் கொண்டுவரப்பட்டது. அது மேலெழுந்த சற்று நேரத்தில் எஞ்சினின் உட்பாகம் ஒன்று உலோகச் சோர்வினால் உடைந்து சிதற, தீப்பற்றியது. விமானி திரும்பித் தரையிறங்க முயன்றார். ஓடுபாதையை எட்டுமுன் விமானம் கட்டுப்பாட்டை இழந்து வீழ்ந்தது. 95 பேரில் ஒருவரும் உயிர் பிழைக்கவில்லை. தமிழிலும் மலையாளத்திலும் நடித்து வந்த ராணி சந்திரா அவர்களுள் ஒருவர். அவர் நடித்துக்கொண்டிருந்த ‘பத்ரகாளி’ திரைப்படத்தை, அவரைப்போல் தோற்றமுடைய ஒருவரை வைத்து முடிக்க வேண்டியதாயிற்று. பழைய இயந்திரத்தை வைத்துக்கொண்டிருப்பதும் இடர் நிறைந்ததே என்பதற்கு அந்நிகழ்ச்சி ஒரு சான்று. அதனை மறந்துவிட்டுப் பழமையைப் போற்றிப் பாடுவது நேர்மையாகாது.

கேரவெல் விடைபெற்றாலும் துலூசின் உறவு முடிந்துவிடவில்லை. சூட் ஏவியேஷன் 1970இல் வேறு நிறுவனங்களோடு இணைந்து ஏரோஸ்பசியால் ஆயிற்று. அது செர்மானியரோடு சேர்ந்து ஏர்பஸ் என்னும் கூட்டமைப்பை அமைத்தது. அக்கூட்டமைப்பின் முதல் படைப்பான ஏ-300 என்னும் அகன்ற விமானத்தை இந்தியன் ஏர்லைன்ஸ் 1976இலேயே வாங்கிவிட்டது. எனினும் நாட்டின் பெரும்பாலான ஊர்களை இணைத்தது போயிங் 737தான். ஒரு தலைமுறை விமானிகளும் பொறியாளர்களும் போயிங் மரபிலேயே வளர்ந்தார்கள்.

போயிங்கா, ஏர்பஸ்ஸா?

1970களில் எண்ணெய் விலை இருமுறை கடுமையாக ஏறியது. பழைய ஜெட் எஞ்சின்கள் எரிபொருளை விழுங்கின. பயணிகளின் கூட்டமோ பெருகிக்கொண்டே போயிற்று. புதிய விமானம் வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. யாரிடம் வாங்குவது என்பதே வினா.

1984இல் போயிங் 757 விமானங்கள் 12 வாங்குவதென்று முடிவாகி, விருப்பக் கடிதமும் கொடுக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் ஏர்பஸ், இன்னும் வானில் பறந்திராத தன் ஏ-320ஐ முன்வைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் இந்திரா காந்தி கொல்லப்பட, ராஜீவ் காந்தி பிரதமரானார். அவரே முன்னாளில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானியாக இருந்தவர். அவருடைய ஆட்சியில் முடிவு மாறியது. 1986 மார்ச்சில் 19 ஏ-320 விமானங்களை உறுதியாகவும் மேலும் 12 விமானங்களை விருப்ப உரிமையாகவும் கொண்ட ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அந்த விமானம் முதன்முதலாகப் பறந்ததே 1987 பிப்ரவரி 22ஆம் நாள்தான். போயிங்கை விட்டு ஏர்பஸ்ஸுக்கு மாறிய அம்முடிவு பின்னர் அரசியல் சர்ச்சையாகி, 1990 மார்ச்சில் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிவு செய்யும் அளவுக்குச் சென்றது. அச்சர்ச்சையின் ஆரவாரத்தில் வேறொரு கேள்வி அமிழ்ந்து போயிற்று. விமானம் வாங்கத் தகுந்ததா என்று எல்லாரும் கேட்டார்கள். அதை வாங்கும் நாம் ஆயத்தமாகிவிட்டோமா என்று கேட்டவர் சிலரே.

ஏ-320 வெறும் இன்னொரு விமானம் அன்று. பயணிகள் விமானங்களில் அது புதிய யுகத்தின் தொடக்கம். போயிங்கில் விமானியின் முன்னே பெரிய கட்டுப்பாட்டுச் சக்கரம் உண்டு. ஒருவர் அசைத்தால் மற்றவர் முன்னுள்ள சக்கரமும் அசையும். ஏ-320இல் அது இல்லை. பக்கவாட்டில் சிறியதொரு கைப்பிடி. அதன் கட்டளை மின்கம்பி வழியே கணிப்பொறிக்குச் சென்று, அங்கிருந்து இறக்கைக்குப் போகும். ஒருவருடைய கைப்பிடி அசைந்தாலும் மற்றவருடையது அசையாது. எஞ்சின் விசையை ஆளும் நெம்புகோல்களிலும் இத்தகைய மாற்றமே. பழைய போயிங்கில் நெம்புகோல் இருக்கும் இடமே எஞ்சினின் நிலை. அது பின்னே இழுபட்டிருந்தால் விசை குறைந்திருக்கிறது என்பதைக் கண் பாராமலே கை அறிந்துவிடும். ஏ-320இலோ தானியங்கிக் கருவி விசையைக் கூட்டினாலும் குறைத்தாலும் நெம்புகோல் இருந்த இடத்திலேயே இருக்கும். கையின் சாட்சியம் போய்விட்டது. திரையில் ஒளிரும் எழுத்துகளைக் கண்தான் படித்தறிய வேண்டும்.

நம் ஓடுபாதைகளின் தாங்கும் வலிமை குறைவு என்பதற்காக, இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ-320களுக்கு மட்டும் முதன்மைக் கால் ஒவ்வொன்றிலும் இரண்டு சக்கரங்களுக்குப் பதிலாக நான்கு சக்கரங்கள் வைத்துத் தந்தார்கள். தரைக்கு ஏற்ப விமானத்தின் காலையே மாற்றியமைத்த அந்த அக்கறை பாராட்டுக்குரியது. ஆனால் விமானியின் பழகிய மனத்துக்கு ஏற்ப மாற்றியமைக்க அதில் எதுவும் இல்லை. அங்கே மனந்தான் மாற வேண்டும்.

1990 பிப்ரவரி 14

1989இன் நடுப்பகுதியிலிருந்து புதிய விமானங்கள் வரத் தொடங்கின. விமானிகள் துலூசில் பயிற்சி பெற்றுத் திரும்பினர். ஓராண்டுகூட நிறையவில்லை. 1990 பிப்ரவரி 14 அன்று பம்பாயிலிருந்து 146 பேரோடு பெங்களூர் நோக்கி வந்த ஏ-320, தெளிந்த வானில், நண்பகல் கடந்த வேளையில், ஓடுபாதையை எட்டுவதற்கு முன்பே கோல்ஃப் மைதானம் ஒன்றில் தரையைத் தொட்டது. துள்ளி எழுந்து, கரையொன்றில் மோதித் தீப்பற்றியது. 92 பேர் மாண்டனர். 54 பேர் உயிர் தப்பினர். அந்த விமானம் நிறுவனத்துக்கு வந்து இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை.

இருக்கைகளில் இருந்த விமானிகள் இருவரும் கற்றுக்குட்டிகள் அல்லர். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள். ஒருவர் புதிய வகை விமானத்தில் தலைமை விமானியாகத் தகுதி பெறச் சோதிக்கப்பட்டுக் கொண்டிருந்தார், மற்றவர் சோதிப்பவர். ஆனால் அந்த ஆயிரங்களில் ஏ-320இல் கழிந்தவை மிகச் சிறிய பங்கே.

கர்நாடக உயர்நீதிமன்ற நீதிபதி சிவசங்கர் பட் தலைமையில் நடந்த விசாரணையில், இறுதி நிமிடங்களின் கதை வெளிவந்தது. இறங்கும் கடைசிக் கட்டத்தில் விமானத்தின் கணிப்பொறி, எஞ்சின்கள் மிகக் குறைந்த விசையில் ஓடும் இறக்க முறையில் இருந்தது. வேகம் குறைந்துகொண்டே வந்தது. விமானிகளுக்கு வழிகாட்டும் கருவிகள் இரண்டில் ஒன்றை நிறுத்தினார்கள், மற்றொன்று நிற்கவில்லை. இரண்டும் நின்றிருந்தால் எஞ்சின்கள் தாமாகவே வேகத்தைக் காக்கும் முறைக்குத் திரும்பியிருக்கும். நெம்புகோல்கள் அசையாதிருந்தன, ஆகவே கைக்கு எச்சரிக்கை எதுவும் கிடைக்கவில்லை. உயரங்களைக் கூறும் இயந்திரக் குரல் நானூறு, முந்நூறு, இருநூறு என்று அடி அடியாகக் கூறிக்கொண்டிருந்தது. ஆபத்தை உணர்ந்து நெம்புகோலை முன்னே தள்ளியபோது காலம் கடந்துவிட்டது. எஞ்சின்கள் முழு விசை பெறச் சில வினாடிகள் வேண்டும். அச்சில வினாடிகளே அவர்களிடம் இல்லை.

நிலைமையின் கடுமையை உணர்ந்து உடனே செயற்படத் தவறியதே காரணம் என்று விசாரணை கூறியது. அதே வேளையில், இறுதிக் கட்டத்தில் கணிப்பொறி அந்த இறக்க முறைக்கு எவ்வாறு சென்றது என்பதைத் திட்டமாகக் கண்டறிய இயலவில்லை என்றும் அவ்வறிக்கை ஒப்புக்கொண்டது. இந்த இரண்டாவது கூற்றை நாம் எளிதில் கடந்து செல்லலாகாது. மாண்டவர்மேல் பிழையைச் சுமத்துவது எளிது. அவர்கள் மறுமொழி கூறப் போவதில்லை. அவர்கள் தவறினார்கள் என்பது உண்மையே. ஆனால் இருபது ஆண்டுகள் ஒரு மொழி பேசியவரைச் சில வாரங்களில் வேறொரு மொழியில் கனவு காணுமாறு பணித்தவர் யார்? நெருக்கடி வரும் வினாடியில் மனிதன் புதிதாகக் கற்ற மொழியில் சிந்திப்பதில்லை, தாய்மொழியில்தான் அலறுகிறான். அந்த விமானிகளின் கைகள் அறிந்த தாய்மொழி வேறு.

நிறுத்தி வைக்கப்பட்ட பதினான்கு

விபத்து நடந்த சில நாள்களில், எஞ்சிய 14 ஏ-320 விமானங்களையும் பறக்கவிடாமல் நிறுத்துமாறு வி.பி. சிங் அரசு ஆணையிட்டது. பெருந்தொகை கொடுத்து வாங்கிய புதிய விமானங்கள் பல மாதங்கள் நிலையங்களின் ஓரங்களில் வெயிலில் நின்றன. உள்நாட்டில் பறக்க மக்களுக்கு வேறு பெரிய நிறுவனம் இல்லாத காலம் அது. பழைய போயிங் 737களும் ஏ-300களும் அந்தப் பாரத்தைச் சுமந்தன. புதியது நின்றபோது பழையதே மானத்தைக் காத்தது.

அந்த மாதங்களில் நாடெங்கும் எழுந்த பேச்சு இயந்திரத்தைப் பற்றியதாகவே இருந்தது. ‘கணிப்பொறி விமானம் நம் நாட்டுக்கு ஆகாது’ என்றனர் சிலர். ‘விமானம் குற்றமற்றது, ஓட்டியவரே குற்றவாளி’ என்றனர் வேறு சிலர். வரலாறு இவ்விரு தரப்பையும் பொய்ப்பித்துவிட்டது. நிறுத்தப்பட்ட விமானங்கள் மீண்டும் பறந்தன. பல ஆண்டுகள் நன்கு உழைத்த பின்னரே ஓய்வு பெற்றன. இன்று நம் நாட்டு வானில் மிகுதியாகப் பறப்பது அதே ஏ-320 குடும்பம்தான். அதை ஓட்டுபவர்களும் நம் நாட்டவரே. ஆகவே இயந்திரமும் தீயதன்று. மனிதரும் திறனற்றவர் அல்லர். இரண்டையும் இணைத்த முறையில், இணைப்பதற்குக் கொடுத்த காலத்தில்தான் குறை இருந்தது. நுகத்தில் பழகுவதற்குமுன் ஏரில் பூட்டிவிட்டோம்.

பழக்கமும் முழுக் காவலன்று

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பழகிய இயந்திரமே பாதுகாப்பானது என்று எவரேனும் முடிவு கட்டினால், அதனை மறுக்கும் சான்றும் இவ்வரலாற்றிலேயே உண்டு. இந்தியன் ஏர்லைன்ஸின் போயிங் 737களுக்கென 1996இல் அலையன்ஸ் ஏர் என்னும் துணை நிறுவனம் உருவாக்கப்பட்டது. முதுமையடைந்த அவ்விமானங்கள் அங்கே தம் இறுதிக் காலத்தைக் கழித்தன. 2000 ஜூலை 17 அன்று அவற்றுள் ஒன்று பாட்னாவில் தரையிறங்க வந்து, குடியிருப்புப் பகுதியில் வீழ்ந்தது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 60 பேர் மாண்டனர். இறங்கும் முறை பிறழ்ந்து, எஞ்சின்களைக் குறைந்த விசையில் வைத்து, வேகத்தை அளவுக்கு மீறி இழந்ததே காரணம் என்று விசாரணை கூறியது.

பெங்களூரில் புதிய விமானம். பாட்னாவில் பழைய விமானம். ஈரிடத்திலும் குறைந்த விசை, இழந்த வேகம். ஒன்றில் கை பழகாதிருந்தது. மற்றொன்றில் நெடுநாள் பழகியிருந்தும் விழிப்புத் தவறியது. ஆகவே காக்க வேண்டியது பழமையையும் அன்று, புதுமையையும் அன்று. இயந்திரத்தின்முன் அமர்ந்திருக்கும் மனிதனின் விழிப்பைத்தான். அவ்விழிப்பு பயிற்சியாலும், ஓய்வாலும், ஐயம் எழுந்தால் அஞ்சாமல் கேட்கும் உரிமையாலும் வளர்வது. இவற்றுள் எதுவும் விமானத்தோடு பெட்டியில் வைத்து அனுப்பப்படுவதில்லை.

விலைப்பட்டியலில் இல்லாத செலவு

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை என்று எண்ணுவோமாயின், அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்று நம் கண்ணைத் திறக்கும். போயிங் நிறுவனம் தன் 737 விமானத்தைப் புதுப்பித்து ‘மேக்ஸ்’ என்னும் பெயரில் விற்றது. ‘பழைய 737ஐ ஓட்டியவர்கள் இதனையும் எளிதில் ஓட்டலாம், பாவனைக் கூண்டில் அமர்ந்து புதிதாகப் பயிற்சி பெற வேண்டியதில்லை’ என்பதே அதன் பெரிய விற்பனைக் கவர்ச்சி. அப்பயிற்சி தேவைப்பட்டுவிட்டால் விமானம் ஒன்றுக்குப் பத்து இலட்சம் டாலர் தள்ளுபடி தருவதாக அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு வாக்களிக்கவும் செய்தார்கள். விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே தள்ளும் புதிய மென்பொருள் ஒன்று அதில் இருந்தது. அதைப் பற்றி விமானியின் விளக்கநூலில் கூறப்படவில்லை. 2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவில் 189 பேர். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் 157 பேர். இவ்விரு விபத்துகளிலும் சேர்ந்து 346 உயிர்கள் போன பின்னரே உலகம் விழித்தது. அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் 2021 சனவரியில் போயிங் 250 கோடி டாலருக்கு மேல் செலுத்த ஒப்புக்கொண்டது.

பெங்களூருக்கும் இதற்கும் இடையே முப்பது ஆண்டு இடைவெளி. கண்டம் வேறு, தொழிற்சாலை வேறு. ஆயினும் இரு கதைகளிலும் ஒரே கஞ்சத்தனம் தென்படுகிறது. மனிதன் கற்றுக்கொள்வதற்கு ஆகும் காலத்தைச் செலவு என்று எழுதி, அதனைக் குறைக்க முயலும் கஞ்சத்தனம் அது. முன்னது மாற்றம் பெரிது என்பதை அறிந்தும் விரைந்த கதை; பின்னது மாற்றமே இல்லை என்று கூறி மறைத்த கதை. எது பெரிய தவறு என்பதை வாசகர் முடிவு செய்துகொள்ளலாம்.

இந்தியன் ஏர்லைன்ஸ் 2005இல் ‘இந்தியன்’ எனப் பெயர் மாறி, 2007இல் ஏர் இந்தியாவோடு இணைந்து வரலாற்றில் கரைந்தது. ஏர் இந்தியா 2022 சனவரி 27 அன்று மீண்டும் டாட்டா குழுமத்தின் கைக்குத் திரும்பியது. அதற்கடுத்த ஆண்டில் அந்நிறுவனம் 470 புதிய விமானங்களை வாங்கப்போவதாக அறிவித்தது. 250 ஏர்பஸ், 220 போயிங். ஒரு காலத்தில் இதுவா அதுவா என்று நாட்டையே இரு கூறாக்கிய கேள்விக்கு, இரண்டும் என்பது விடையாயிற்று. அந்தப் போயிங்குகளுள் 190 மேக்ஸ் விமானங்கள். அறிவிப்பு வெளிவந்த நாள் 2023 பிப்ரவரி 14. பெங்களூரில் அந்த 92 பேர் மாண்டு சரியாக 33 ஆண்டுகள் நிறைந்த நாள் அது. தற்செயலாக அமைந்த பொருத்தம்தான். ஆனால் அன்றைய விழா மேடைகளில் எண்ணிக்கையும் தொகையும் பேசப்பட்ட வேளையில், நாட்டில் சில இல்லங்களில் அந்த நாள் வேறொரு நாளாக நினைக்கப்பட்டிருக்கும்.

புதிய விமானங்கள் வரட்டும். பழையவை தம் உழைப்பை முடித்து ஓய்வு பெறட்டும். அது இயற்கை; தேவையும் கூட. உலோகம் சோர்வடைகிறது, எரிபொருள் விலை ஏறுகிறது, மேம்பட்ட அறிவு பிறக்கிறது. மாற்றத்தை எதிர்த்து நிற்பவர் டகோட்டாவிலேயே பறந்துகொண்டிருக்க வேண்டியதுதான். நாம் கேட்பதெல்லாம் ஒன்றே. மாற்றத்தின் நாள் குறிக்கப்படும்போது, அந்த நாளை எவருடைய ஆயத்தத்தை அளவாகக் கொண்டு குறிக்கிறோம்? விற்பவரின் வசதியையா, வாங்குபவரின் பெருமையையா, அல்லது அந்த இயந்திரத்தின் முன் அமரப்போகும் மனிதரின் கையையும் கண்ணையுமா?

இக்கேள்வி விமானத்தோடு நின்றுவிடுவதன்று. மருத்துவமனையில் புதிய கருவி வருகிறது. அலுவலகத்தில் கணிப்பொறி வருகிறது. பள்ளியில் புதிய பாடத்திட்டம் வருகிறது. திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கப்படுகிறது. பழகுவதற்கு நாள் குறிக்கப்படுவதில்லை. முப்பது ஆண்டு அனுபவமுள்ள செவிலியோ எழுத்தரோ ஆசிரியரோ ஒரே காலையில் கற்றுக்குட்டியாகி நாணி நிற்கிறார். ‘எனக்கு இன்னும் விளங்கவில்லை’ என்று அவர் வாய் திறந்து கூறினால், அவரைப் பிற்போக்காளர் என்கிறோம். உண்மையில் அந்த இடத்தில் அவர் ஒருவரே பொறுப்புள்ளவர். விளங்காததை விளங்கவில்லை என்று கூறும் துணிவு ஒரு விமானிக்கு இருந்தால் எத்தனை உயிர்கள் காக்கப்படும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அத்துணிவைத் தண்டிக்காமல் போற்றுகிற இல்லமும் நிறுவனமும் நாடுமே புதிய சிறகுகளைப் பெறத் தகுதியுடையவை.